இடித்த மாடிப்படி

“படியை இடிச்சிடுங்க!”

வீடு கட்டிக்கொண்டிருந்த தையல்காரர் இப்படிச் சொன்னதும், ஆறு படி வரை கட்டியிருந்த கொத்தனார் கரண்டியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“ஐயா, யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“யோசிச்சாச்சு. எதிர்ச் சுவரோரமா வரட்டும். இந்தப் பக்கம் எனக்குப் புடிக்கலை.”

வீட்டுக்குப் படம் போட்டவளுக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த ஊரில் அவள்தான் முதல் பெண் ஆர்க்கிடெக்ட். இதுதான் அவளுடைய முதல் வீடு. டிராயிங் சுருளை இடுக்கிக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகி அவள் சாரம் ஏறுவதை வேடிக்கை பார்க்கவே தெருவில் கூட்டம் நிற்கும்.

“சார், படத்தைப் பார்த்துச் சரின்னு தலையாட்டினீங்களே!”

“அப்போ ஆட்டினேன். துணி வெட்டினப்புறம் கழுத்தை மாத்தச் சொல்றவங்களை நான் பார்த்ததில்லையா? இன்னிக்கு என் முறை.”

கொத்தனார் சிரித்தார். “இவருக்குப் போய்ப் படம் போட்டுக் குடுத்தீங்களே, உங்களைச் சொல்லணும்மா!”

மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று தெருவே பேசியது. அவளோ வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பொரிந்து தள்ளினாள்.

“பொம்பளை போட்ட படம்னுதானே இந்த இளக்காரம்!”

தையல்காரர் குடும்பம் குடிபோன அன்றுகூட அவள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

நாற்பது வருஷம் ஓடிவிட்டது. எத்தனையோ வீடுகள் கட்டியாயிற்று.

போன வாரம் தையல்காரரின் மகள் அவளைத் தேடி வந்தாள். “மாடியில இன்னொரு ரூம் போடணும்க்கா. அப்பா உங்களைத்தான் கூப்பிடச் சொன்னார்.”

மகள் போனதும், அவள் பரணிலிருந்து பழைய படத்தை எடுத்துத் தூசி தட்டி விரித்தாள். அந்தப் பென்சில் கோடுகளைப் பார்த்ததும் அந்த வயசே திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஆசையாய் விரலை மாடிப்படியில் ஏற்றினாள். ஆறு, ஏழு, எட்டு...

விரல் நின்றுவிட்டது.

எட்டாவது படிக்கு நேர் மேலே பீம். சின்னப் பிள்ளைகூடக் குனிந்துதான் ஏற முடியும்!

செருப்பை மாட்டிக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார் தையல்காரர்.

“சார், தலை இடிக்கும்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?”

“உயரம் பாக்கறதுதானேம்மா என் பொழப்பு.”

“தப்பு என்னோடது, கிறுக்கன்னு பேர் வாங்கினது நீங்க! என்கிட்ட மட்டுமாவது தனியா சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா நீங்க சும்மா இருந்திருப்பீங்களா? நேரா கொத்தனார்கிட்டப் போய் ‘என் தப்பு’ன்னு நின்னிருப்பீங்க. அப்புறம் உங்களுக்கு ரெண்டாவது வீடு யாரும்மா குடுத்திருப்பாங்க?”