இரண்டும் ஒரே கூடையில்

"மெல்லக் கதையுங்கோ தங்கச்சி. இரவிரவா நித்திரை இல்லை அவருக்கு. இப்பத்தான் அறைக்குள்ளை சத்தமில்லாமல் படுத்திருக்கிறார்" என்றாள் சுபாஜினி.

நிவேதனா பூனைக்குட்டிகளை எடுத்துப்போகக் கூடையோடு விறாந்தையில் ஏறி உட்கார்ந்தாள். நல்லூரிலிருந்து உடுவிலுக்கு வெயிலில் ஸ்கூட்டி ஓடி வந்திருந்தாள். ஒரு தேத்தண்ணி வரும் என்று பார்த்தாள். தண்ணீர் வேண்டுமா என்றுகூட அந்த மனுஷி கேட்கவில்லை. நல்ல வீடுதான் இது என்று நினைத்துக்கொண்டாள்.

அட்டைப்பெட்டிக்குள் இரண்டு பூனைக்குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. தாயை மணல் டிப்பர் அடித்துப்போட்ட அன்று கண்கூடத் திறக்காதவை. சுபாஜினியின் கணவர் வாகீசன்தான் அவற்றை இடுப்புச் சாரத்தில் ஏந்திக்கொண்டு வந்தவர். ஊசி கழற்றிய சிறிஞ்சில் ஆட்டுப்பால் பருக்கி, ஈரத்துணியால் வயிற்றைத் தடவி மூத்திரம் போகவைத்து, தன் நெஞ்சு வருத்தத்தையும் பாராமல் ஆளாக்கிவிட்டார்.

ஆளாக்கியதோடு விட்டாரா, அதுவுமில்லை. கேட்டு வந்தவர்களை எல்லாம் பெண் கொடுக்கிற தகப்பன் மாதிரி விசாரித்தார். ஒன்று போதும் என்றவரை அனுப்பிவிட்டார். வீட்டில் நாய் நிற்கிறது என்றவளை வாசல் படலையோடு திருப்பினார்.

அவருடைய தமையன் தியாகலிங்கத்துக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "உன்ரை வருத்தத்துக்கு உது தேவையோ? அடுத்தமுறை வரேக்கை நிண்டால் சாக்கிலை கட்டிக் கொண்டுபோய்ச் சந்தையடியிலை விட்டிடுவன்" என்று சொல்லிவிட்டுச் சாவகச்சேரிக்குப் போயிருந்தார். சொன்னால் செய்கிற மனுஷன்.

"நான் ஞாயிற்றுக்கிழமை வாறன் எண்டெல்லோ சொன்னனான் அக்கா. ஏன் இண்டைக்கே வரச் சொன்னனீங்கள்?"

"இவரின்ரை தமையன் இண்டைக்கு வருவார். அவர் வந்தால் இதுகளுக்கு இடமில்லை."

"நல்லகாலம், எங்கடை வீட்டிலை எலித் தொல்லை. அதாலை மாமி ஓமெண்டவ. ஆனால் நல்லூர்க் கோயில் கொடி ஏறினதிலையிருந்து சரியான ஆசாரம். போன கிழமை ஆரோ செத்தவீட்டிலையிருந்து குடுத்துவிட்ட பூக்கண்டுச் சட்டியைக்கூட வாசலோடை திருப்பிவிட்டவ."

சுபாஜினி ஒரு குட்டியைத் தூக்கித் துணியால் துடைத்தாள். பிறகு மற்றதையும் துடைத்தாள். கை பாட்டுக்கு வேலை செய்தது. முகத்தில் ஒன்றுமில்லை.

"குட்டியளிலை தெள்ளுப்பூச்சி இருக்கு. நீங்கள் போனவுடனை முழுகிப்போட்டு உள்ளுக்கை போங்கோ."

"தலையோடையோ?"

"ஓம். தலையோடை."

நிவேதனா எழும்பினாள். "அண்ணையை ஒருக்கா எழுப்புங்கோவன். சொல்லிப்போட்டுப் போறன்."

"வேண்டாம்."

சொன்னதோடு நில்லாமல் சுபாஜினி போய் அறை வாசலை மறித்து நின்றாள். நிவேதனாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. புருஷன் படுத்திருக்கிற நேரம் பார்த்து மனுஷி குட்டிகளைத் தள்ளிவிடப் பார்க்கிறாள். அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

"அண்ணைக்குத் தெரியாமல் தாறியள்போலை. இவ்வளவு பாடுபட்டு வளத்த மனுஷன். அவரின்ரை மனம் நோக நான் கொண்டுபோகமாட்டன் அக்கா" என்று கூடையைக் கீழே வைத்தாள்.

சுபாஜினி அவருடைய கைபேசியை எடுத்துத் தடவினாள். "நேற்றிரவு உங்களுக்கெண்டு கதைச்சு வைச்சவர். அனுப்பத் தெரியாமல் விட்டிட்டார். கேளுங்கோ."

வாகீசனின் குரல் இளைத்து இளைத்து வந்தது. "தங்கச்சி, போனிலை உங்கடை படத்தைப் பாத்தன். நல்ல பிள்ளைபோலைக் கிடக்கு. உங்களுக்கே தாறன். ரெண்டையும் பிரிச்சுப்போடாதையுங்கோ. கறுவல் பால் குடிக்கப் பஞ்சிப்படுவான். மூக்கைத் தடவிவிட்டால் குடிப்பான். நான் ஒரு நாளைக்கு வந்து பாக்கிறன்." ஒரு இருமல். அவ்வளவுதான்.

சுபாஜினி அதை இன்னொருமுறை அழுத்தி, முதலிலிருந்து முழுவதும் கேட்டாள்.

நிவேதனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷியைப் போய்ப் பிழையாக நினைத்தேனே என்றிருந்தது. "எப்ப வேணுமெண்டாலும் வரட்டும் அக்கா. எங்கடை வீடும் அவரின்ரை வீடுமாதிரி எண்டு சொல்லுங்கோ" என்று கூடையைத் திறந்தாள்.

இரண்டு குட்டிகளும் உள்ளே போயின. கறுவல் மட்டும் மூடிக்குள்ளால் மூக்கை நீட்டிப் பார்த்தான். சுபாஜினி பால் போத்தலையும் சிறிஞ்சையும் பக்கத்தில் வைத்து, கூடையைத் துணியால் மூடிக் கட்டினாள்.

ஸ்கூட்டி ஒழுங்கை திரும்பும்வரை படலையில் நின்றாள். அழவேண்டும் போலவும் இல்லை, இருக்கவேண்டும் போலவும் இல்லை. பிறகு உள்ளே வந்து தியாகலிங்கத்துக்குப் போன் எடுத்தாள்.

"என்ன பிள்ளை, உந்தப் பூனையள் இன்னும் அங்கைதானோ?"

"இப்பத்தான் குடுத்தனான்."

"நல்லதாப் போச்சு. உவன் தம்பி என்னெண்டு குடுக்க விட்டவன்?"

சுபாஜினி அறைக்கதவைத் திறந்தாள்.

"இவருக்கு விடியவே உயிர் பிரிஞ்சிட்டுது, அத்தான்."