ஓடாத வரி

கரண்ட் போய்ப் பதினோரு நிமிடம் ஆகிறது. வார்டில் இருக்கும் அத்தனை பேரும் அது வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் ஒருத்திதான் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

கட்டிலில் என் கணவர் துளசிங்கம். முப்பத்தாறு வயது. நேற்று மதியம் பீர்க்கன்கரணை வீட்டில் சாப்பிட்டு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்தார். ஆட்டோவில் போட்டுக்கொண்டு பெருங்களத்தூர் நர்சிங் ஹோமுக்கு ஓடி வந்தோம்.

இறங்கிப்போன ரத்த அழுத்தத்தைப் பிடித்து நிறுத்தும் மருந்து, தலைமாட்டில் இருக்கும் மெஷின் வழியாகச் சொட்டுச் சொட்டாக உள்ளே போகிறது. குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து.

“போகி அன்னிக்கே புடுங்கிட்டானுங்க பாரு. ஜெனரேட்டரும் ரிப்பேராம். ஒரே பேஜாரா பூட்ச்சி,” என்று எதிர்க் கட்டில் பொன்னுசாமி கொசுவை அடித்துக்கொண்டே சொல்கிறார்.

மெஷின் இப்போது பேட்டரியில் நன்றாகத்தான் ஓடுகிறது. கரண்ட் திரும்பி வரும் நேரத்தை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

இந்த மெஷினை எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன் நான் வேலை பார்த்த தாம்பரம் கம்பெனியில் செய்தது. இதற்குள் இருக்கும் புரோகிராமை நீளநீளமான தாளில் அச்சடித்து எங்கள் மேஜையில் கொண்டுவந்து போடுவார்கள். ஆயிரத்துச் சொச்சம் வரிகள். நாங்கள் நாலு பெண்கள் பென்சிலோடு உட்காருவோம்.

எழுதியவன் தன் ஞாபகத்துக்கு வைத்த குறிப்பு, வெற்று வரி எல்லாவற்றையும் அடித்துவிட்டு, மெஷினை உண்மையிலேயே வேலை செய்ய வைக்கும் வரிகளை மட்டும் வட்டமிட வேண்டும். அதற்குப் பெயர் ஓடும் வரி. பிறகு மெஷினை ஓட்டிப் பார்த்து, ஓடிய வரிக்கெல்லாம் டிக். வட்டம் போட்ட எல்லா வரிக்கும் டிக் விழுந்தால் நூறு சதவீதம். நூறு வராமல் ஒரு மெஷின்கூட வாசலைத் தாண்டாது.

இதில் ஒரே ஒரு வரிக்கு டிக் விழவில்லை.

போன கரண்ட் திரும்பி வந்தால், பழைய வேகத்தை ஞாபகம் வைத்து அதே வேகத்தில் மருந்தை விடு என்று சொல்லும் வரி.

எங்கள் அறைக்கு, கம்ப்யூட்டருக்காக, ஜெனரேட்டர் உண்டு. அங்கே கரண்ட் போய் நாங்கள் பார்த்ததே இல்லை. அதனால் சோதனைப் பட்டியலில் கரண்ட் போவதையும் சேர்க்க வேண்டும் என்று நாலு பேரில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

மேனேஜர் சம்பத் வந்து தாளை எட்டிப் பார்த்தார். “எந்த ஆஸ்பத்திரில ஜெனரேட்டர் இல்லாம இருக்கு? இதை ஓடாத வரின்னு போட்டுடுங்க.”

வட்டத்தை ரப்பரால் அழித்தாயிற்று. பக்கத்தில் ‘குறிப்பு’ என்று எழுதியாயிற்று. நூறு வந்துவிட்டது.

கரண்ட் போனதிலிருந்து அந்த சம்பத்தைத்தான் மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வரி சரியாகவே இருக்கலாம். தப்பாக இருந்தால் மருந்து நின்றுபோகும், இல்லை மொத்தமும் ஒரே மூச்சில் இறங்கும். பிளக்கைப் பிடுங்கிப் பேட்டரியிலேயே ஓடவிடலாம் என்றால், பேட்டரி தீரப்போகிறது என்று சிவப்பு விளக்கு ஏற்கெனவே மினுங்க ஆரம்பித்துவிட்டது.

நர்ஸ் எல்லம்மாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கரண்ட் வருவதற்குள் மெஷினைக் கழற்றிவிட்டுக் கையால் மருந்து விடுங்கள் என்று கெஞ்சினேன்.

“டாக்டரு ஜிஎஸ்டி ரோட்டுல மாட்டிகினு கீறாரு. ஊருக்குப் போற பஸ்ஸு மொத்தமும் ஜங்ஷன்ல நிக்குது. அவரு இல்லாம இந்த மருந்துல கை வெச்சா என் வேலை பூடும். இன்னாக்கா, படிச்சவங்க நீங்களே இப்டி பயப்படலாமா?”

அவள் மெஷினை லேசாகத் திருப்பி, முதுகில் ஒட்டியிருந்த தாளைத் தட்டிக் காட்டினாள்.

“பாருங்க, டெஸ்ட் பண்ணி, கையெழுத்து போட்டு ஒட்டிக்கீறாங்க. நூறு பர்சென்ட்.”

ஜெராக்ஸ் தாள். மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. சோதித்தவர்: கு. லோகநாயகி. தேதி 19-8-94.

என் கையெழுத்து.

சம்பத் சொன்னதில் பாதியைத்தான் நான் இதுவரை சொன்னேன். “இல்லேன்னா பிளக்கைப் பிடுங்கிச் சொருகி, முதல்லேர்ந்து ஓட்டிப் பாருங்க. நாலு மணி நேரம் ஆகும். உங்க இஷ்டம்,” என்றும் சொல்லிவிட்டுத்தான் அவர் போனார்.

அன்று ஆவணி முதல் வெள்ளி. மணி நாலு. ஆறு மணிக்குப் பெண் பார்க்க வருகிறார்கள், ஐந்துக்கெல்லாம் வீட்டில் இரு என்று அம்மா காலையில் பத்து தடவை சொல்லி அனுப்பியிருந்தாள்.

போட்டோவிலேயே மாப்பிள்ளையை எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

ரப்பரை எடுத்தேன். கையெழுத்துப் போட்டேன். தாம்பரம் மார்க்கெட்டில் இரண்டு முழம் மல்லி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

துளசிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கண்ணைத் திறந்து, என்ன என்பது போலப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

டியூப் லைட் இரண்டு தரம் சிமிட்டிவிட்டு எரிந்தது. ஃபேன் சுற்ற ஆரம்பித்தது.

வார்டே கை தட்டியது.