டெர்பி நாளின் ஜூலெப்

லூயிவில்லில் டெர்பி குதிரைப் பந்தய நாள் மாலை. சமையலறை ஜன்னலில் சாய்ந்து விழும் வெயில் மேசைமேல் இருக்கும் வெள்ளிக் கோப்பையில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. பக்கத்து அறையில் டிவி குதிரைகளின் பெயர்களைக் கத்திக்கொண்டிருக்கிறது. வருஷா வருஷம் இந்த வீட்டில் பந்தயத்துக்கென்று புதினாவும் விஸ்கியும் சேர்த்து ஜூலெப் கலப்பவன் ஹார்லன்தான். ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்து வந்த குளிர்காலத்திலிருந்து அவன் குடியைத் தொடவில்லை. இன்று அவன் மனைவி டெல்லா கலக்கிறாள், அதுவும் அவன் பிடிவாதத்தால். கோப்பையின் அடியில் சர்க்கரைப் பாகில் கிடக்கும் புதினாவை அவள் மரக்கட்டையால் குத்துகிறாள். “ஏய், அந்த இலை உனக்கு என்ன துரோகம் பண்ணுச்சு? மெதுவா அழுத்து, போதும்.” “நீ வாயை மூடிக்கிட்டு ஐஸை உடை.” அவன் துணிப்பையிலிருக்கும் ஐஸைச் சுத்தியலால் தட்டித் தூளாக்கித் தருகிறான். அவள் அதைக் கோபுரமாகக் குவிக்கிறாள். பர்பன் விஸ்கி பாட்டிலைக் கையில் எடுத்தவள் மூடியைத் திருகாமல் நிற்கிறாள். “திற டெல்லா. வாசனைக்கெல்லாம் விழுந்துட மாட்டேன்.”

விஸ்கி பொன்னிறமாக ஐஸுக்குள் இறங்க, கோப்பையின் வெளிப்புறம் பனி படிந்து வெள்ளையாகப் பூக்கிறது. புதினாக் கொத்து ஒன்றை ஓரத்தில் செருகிவிட்டு அவள் உறிஞ்சுகுழாயில் வாய் வைக்கப் போகும்போது ஹார்லனின் கை கோப்பையை நோக்கி நீள்கிறது. டெல்லா கோப்பையை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். அவன் அந்தக் கொத்தைப் பிடுங்கிக் குழாயை ஒட்டி நட்டு வைக்கிறான். “உறிஞ்சும்போது மூக்கு இலைக்குள்ள இருக்கணும். இப்பக் குடி.” அவள் குனிந்து ஒரு மிடறு உறிஞ்சுகிறாள். கண் கலங்குகிறது. “எப்படி இருக்கு?” “நீ கலக்குற மாதிரி இல்ல,” என்கிறாள். அவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.