வேலையை விட்ட எழுத்தாளர்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய்யென்றால் இனி நான் தொடுகிற பேனாவெல்லாம் சட்டைப் பையிலேயே கசியட்டும்.

‘வேலையும் வாழ்வும்: எழுத்தாளர்கள் என்ன சொல்கிறார்கள்?’ என்று ஒரு வாரப் பத்திரிகை பேட்டி போட்டது. அதில் நம் எழுத்தாளர் ஒரு முழுப் பக்கத்துக்கு உட்கார்ந்திருந்தார். கை தாடையில், பார்வை மேகத்தில்.

வீட்டில் முதலில் படித்தவள் அவர் மனைவி, அதுவும் பத்திரிகை வந்த இரண்டாம் நாள் காலையில்.

“என்னங்க, நீங்க வேலைய விட்டு எட்டு வருஷமாச்சா?”

“அது வந்து…”

“அப்ப தினமும் சாப்பாட்டு டப்பாவ வாங்கிக்கிட்டு எங்க போறீங்க?”

போவது குடிநீர் வாரிய அலுவலகத்துக்கு. புகார்ப் பிரிவில் எழுத்தர். ‘தங்கள் குழாயில் காற்று மட்டும் வருவது குறித்த கடிதம் கிடைக்கப்பெற்றது’ என்று பன்னிரண்டு வருஷமாகப் பதில் எழுதுகிறார். அந்தப் பதில்களை நீளவாக்கில் ஒட்டினால், அதைப் பிடித்துக்கொண்டே நிலாவுக்கு ஏறிப் போய், அங்கே ஒரு தூக்கம் போட்டுவிட்டும் வரலாம். குழாயில் தண்ணீர் மட்டும் வராது.

இதையா பேட்டியில் சொல்வது? பேட்டி எடுத்த பெண் வேறு கண்ணை அகல விரித்து, “வேலைக்கும் எழுத்துக்கும் நடுவுல எப்படி சார் சமாளிக்கறீங்க?” என்று கேட்டாள். வாய் தானாகத் திறந்துகொண்டது.

“பிடிக்காத வேலையை உதறினேன். வாழ்க்கை ஓடிவந்து கட்டிக்கொண்டது!”

அதோடு நிறுத்தியிருக்கலாம். “என் மேலாளரின் நிழலில் புல்கூட முளைக்காது” என்று அதற்கு ஒரு தாளிப்பும் போட்டார்.

“புனைபெயர்லதானே வந்திருக்கு? யாருக்குத் தெரியப்போகுது!” என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். புனைபெயர் சரி. முகத்துக்கு ஏது புனைபெயர்?

அலுவலகத்தில் பையைக்கூட வைக்கவில்லை. மேலாளர் அறையில் மணி அடித்தது. மேசைமேல் அந்தப் பத்திரிகை, அந்தப் பக்கம்.

“உக்காருங்க” என்றார் மேலாளர்.

பன்னிரண்டு வருஷத்தில் அவர் உட்காரச் சொன்னதில்லை. எழுத்தாளர் நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டார்.

“சார், அது யாரோ… ஒரே மாதிரி ஏழு பேர் இருப்பாங்கன்னு சொல்லுவாங்களே…”

“இருக்கட்டும். ஏழு பேருக்கும் இதே கட்டம் போட்ட சட்டையா? ரெண்டாவது பட்டன்கூட வேற கலர்ல இருக்கே?”

எழுத்தாளர் பட்டனைக் கையால் மூடிக்கொண்டார்.

“தலைமை அலுவலகத்துல யாரோ போட்டோவப் பாத்துட்டாங்க. வேலைய விட்டு எட்டு வருஷமான ஆளு உங்க பிரிவுல எப்படி உக்காந்திருக்காருன்னு விளக்கம் கேட்டு நேத்து சாயங்காலமே மெமோ வந்திருச்சு. ஆள் அவர்தான்னா, உடனே அனுப்பிடச் சொல்றாங்க.”

“சார்! எனக்கு நாப்பத்தொன்பது வயசு. இனிமே எவன் சார் வேலை தருவான்?”

“வாழ்க்கை ஓடிவந்து கட்டிக்குமாமே?”

“அது படிக்கறவங்களுக்குச் சார்!”

“உங்களுக்கு?”

“எனக்கு வேலை வேணும் சார்.”

மேலாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “அந்தப் புல்லு முளைக்காத மேலாளர் யாரு?”

“அது… எட்டு வருஷத்துக்கு முன்னாடி இருந்தவர் சார்.”

“அப்பவும் நான்தான்யா இருந்தேன்.”

எழுத்தாளர் ஒரு தாளை இழுத்து மன்னிப்புக் கடிதம் எழுத ஆரம்பித்தார். ‘விதியென்னும் பெருவெள்ளத்தில் சிக்கிய சிறு துரும்பு யான்’ என்று தொடங்கியது. மேலாளர் தலைகீழாகவே அந்த வரியைப் படித்தார்.

“நிறுத்துங்க. வாரியத்துல தண்ணியே இல்ல, நீங்க வெள்ளத்துல வேற சிக்கறீங்க. நான் காலைலயே பதில் அனுப்பிட்டேன்.”

“அனுப்பிட்டீங்களா?”

“இந்தாங்க நகல். ஃபைல்ல வைக்கவேண்டியது உங்க வேலைதானே?”

எழுத்தாளர் தாளை வாங்கினார். கண்ணில் பாதி எழுத்து தெரியவில்லை. ஆனாலும் படித்தார்.

‘பேட்டியில் வந்திருப்பவர் எழுத்தாளர் என்று குறிப்பிடப்பட்டுள்ளது. எம் பிரிவில் பணியாற்றுபவருக்கு எழுத வராது என்பதை இதன்மூலம் உறுதி கூறுகிறேன். ஆகவே இருவரும் ஒருவராக இருக்க வாய்ப்பில்லை. இவர் தொடர்ந்து பணியில் நீடிக்கலாம்.’

கீழே மேலாளரின் கையெழுத்து, முத்திரையோடு.

எழுந்து மேலாளர் காலில் விழப் போனவர், பாதிக் குனிந்த நிலையில் அப்படியே நின்றார்.

“என்னய்யா, இடுப்பு பிடிச்சுக்கிச்சா?”

“இல்ல சார்… பெரிய உதவி சார், உயிர் உள்ளவரைக்கும் மறக்கமாட்டேன். ஆனா… அந்த ரெண்டாவது வரி மட்டும்…”

“அதுக்கென்ன?”

“என்னைக் காப்பாத்தறதுக்காக நீங்க இப்படி ஒரு பொய்ய எழுதியிருக்க வேணாம் சார்.”

“பொய்யா?” மேலாளருக்கு முதல்முறையாக முகம் சிவந்தது. “முப்பது வருஷ சர்வீஸ்ல பொய்யான காகிதத்துல நான் கையெழுத்து போட்டதில்ல. உங்க மூணு புத்தகத்தையும் வரி விடாம படிச்சிட்டுத்தான்யா போட்டேன்!”

கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யாரென்று மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள். என் நாலாவது புத்தகம் இப்போதுதான் அச்சுக்குப் போயிருக்கிறது.