கையை விட்டாலும் பறக்கும்

மஞ்சள் கிளைடர் பாறையில் மோதி நொறுங்கிய சத்தம் மேட்டின் உச்சி வரை கேட்டது. நெஸ்டா ரிமோட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அது கழுத்து வாரில் அப்படியே தொங்கியது.

"வலது பக்கம் திருப்புன்னு கத்தினேனே, காதுல விழலையா?" என்றான் குவிலிம்.

"திருப்பினேன். கேக்கல."

அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை. கணவன் எம்லின் கடைசியாகச் செய்த கிளைடர், எஞ்சினில்லாமல் காற்றிலேயே மிதக்கும் குட்டி விமானம். அவன் இறந்து ஒரு வருடமாகச் சமையலறை அலமாரி மேலேயே கிடந்ததை இன்றைக்குத்தான் துணிந்து எடுத்து வந்தாள். ஒரே அச்சில், ஒரே மஞ்சளில் இரண்டு செய்து, இன்னொன்றை நண்பன் குவிலிமுக்குக் கொடுத்திருந்தான். இப்போது கடலுக்கு மேலே ஒன்றுதான் எதிர்க்காற்றில் அசையாமல் நின்றது.

"ரெண்டு மாசம் எடை சரியா நிக்கணும்னு மூக்குல ஈயத்த வச்சு வச்சு எடுத்தான். 'இனிமே கையை விட்டாலும் பறக்கும் நெஸ்டா'ன்னான். நான் கைய வச்சேன், போச்சு."

"புலம்பாத. ஆடுங்க மிதிக்கறதுக்குள்ள போய் உன்னோடத பொறுக்கு. நானும் வரலாம்னா, இது இறங்கவே மாட்டேங்குது." குவிலிம் தன் ரிமோட்டை இப்படியும் அப்படியும் நெம்பினான். "இதுக்கும் திமிரு வந்துடுச்சு!"

முழங்கால் வலிக்க வலிக்க நெஸ்டா சரிவில் இறங்கினாள். இறக்கை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். சீ, இதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

வேல்ஸில் எந்தப் பண்ணையில் விழுந்தாலும் கூப்பிட்டுச் சொல்வதற்காக, எல்லோரும் கிளைடரின் வயிற்று மூடிக்குள் தங்கள் போன் நம்பர் எழுதி வைப்பார்கள். எம்லினின் கையெழுத்தை ஒருமுறை பார்க்கலாமென்று மூடியைத் திறந்தாள்.

உள்ளே இருந்தது குவிலிமின் நம்பர்.

கடலுக்கு மேலே நின்றதை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மார்பில் தொங்கிய ரிமோட்டைப் பிடித்து, மெல்ல இடது பக்கம் தள்ளினாள். கடலுக்கு மேலே நின்ற கிளைடர் இடது பக்கம் சாய்ந்து வட்டமடித்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

உச்சியில் குவிலிம் குதித்தான். "வந்துடுச்சு நெஸ்டா! இப்பதான் என் பேச்ச கேக்குது!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு நெஸ்டா மேலே பார்த்துக் கத்தினாள்:

"நீயே வந்து உன்னோடத பொறுக்கு, குவிலிம்!"