ஏழாவது குதிகால்

"குதிகால் மறுபடியும் இறுக்குதாம்" என்றபடி, பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள் மனைவி. கையில் ஃபோன் இருந்தது. முகத்தில், கெட்ட சேதி சொல்ல வருகிறவர்களின் அசட்டுச் சிரிப்பு.

சர்வேயர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். முப்பத்தைந்து வருஷம் நிலம் அளந்தவர். அவர் நட்ட எல்லைக்கல்லைப் பிடுங்கச் சொல்லி எந்தக் கோர்ட்டும் உத்தரவு போட்டதில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷருக்கு ஒரு சாண் பாதம் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு இறுக்குதாம்?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா? அரை சென்டிமீட்டரா, ஒண்ணா?"

"ஒண்ணுன்னே வெச்சுக்குங்க."

ரிடையர் ஆன கையோடு அவருக்கு வலது கை மரத்துப்போனது. விரலுக்கு வேலை கொடுங்கள் என்று பிஸியோதெரபி பெண்தான் பின்னல் ஊசிகளைக் கையில் திணித்தாள். முதல் மாதம் ஊசி கம்பளியைக் குத்தியதைவிட அவரைக் குத்தியதுதான் அதிகம். ஒரு கண்ணி நழுவினால் போதும், ஒரு வாரத்து வேலை சரசரவென்று கீழே இறங்கிவிடும்.

ஆனாலும் பிடித்துப்போயிற்று. நேராக இறங்கிக்கொண்டே இருக்கும் சாக்ஸ் குழாய், குதிகால் வந்ததும் சட்டென்று திரும்பும் பாருங்கள், அந்த இடத்தில் அவருக்குத் தானாகச் சிரிப்பு வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். அவரும் பாவம், நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பின்னியது மகளுக்காக. தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு குளிர் ஊருக்குப் போனவள். "அவ சம்பந்தமா ஒரு துண்டுக் காகிதம்கூட இந்த வாசப்படி ஏறக் கூடாது" என்று அன்றைக்குக் கத்தியவர் இதே சர்வேயர்தான். மூன்று வருஷமாக மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊசி கைக்குப் பழகியதும் மனைவியிடம் மெல்ல ஆரம்பித்தார். "நான் கேட்டேன்னு சொல்லாத. பாத அளவு மட்டும் கேட்டு வெய்யி. பேச்சு வேற, சாக்ஸ் வேற."

அவள் ஃபோனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். மறுநாள் காலையில் அளவு வந்தது.

எதையும் சோதித்துப் பார்க்காமல் செய்கிற ஆளில்லை அவர். முதலில் ஒரு கால் மட்டும் போகும், சரியாக இருந்தால்தான் அடுத்த கால். நூலகத்தில் வேலை பார்க்கும் மனைவி, போகிற வழியில் பார்சலைத் தபாலில் சேர்ப்பாள். வாசற்படிச் சபதம் இருப்பதால், திரும்பி வருவதும் நூலக விலாசத்துக்கே வரும்.

ஆறு முறை போய் ஆறு முறையும் திரும்பிவிட்டது. ஒரு தடவை விரல் பக்கம் தொளதொள. ஒரு தடவை கணுக்கால் பிடிக்கிறது. மற்றபடி எல்லாம் இந்தக் குதிகால்தான்.

மனைவி கைப்பையிலிருந்து சாக்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவர் மூன்றாக மடித்து அனுப்பியது, அதே மூன்று மடிப்போடு வந்திருந்தது.

"மடிப்புகூடக் கலையல பாரு" என்றார். "சின்னதுலேர்ந்தே துணி மடிக்கறதுல அவ கெட்டிக்காரி."

மனைவி மேஜை விரிப்பை இழுத்துச் சரிசெய்தாள்.

அவர் நுனியைத் தேடிப் பிடித்து இழுத்தார். ஆறு தடவை பின்னிப் பிரித்த கம்பளி நைந்து பிசிறடித்திருந்தது. பாதி பிரிவதற்குள் நூல் அறுந்து கையோடு வந்துவிட்டது. அவருக்கு அழுகை முட்டியது.

"வேணும்னே பண்றாளா? கிழவன் பின்னிக்கிட்டே கிடக்கட்டும்னு நினைக்கிறாளா?"

"சேச்சே. அப்பாவுக்குக் கை எப்படி இருக்குன்னு கேட்டா."

"கேட்டாளா?"

"ம்."

சர்வேயர் அறுந்த நூலை விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். பிறகு, ரொம்ப நாளாகத் தேடிய கணக்குப் பிழை அகப்பட்டதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தப்பு என் மேலதான். சர்வீஸ் முழுக்க அடுத்தவங்க சொன்ன அளவை நம்பி ஒரு கல்லு நட்டிருப்பேனா? நேர்ல போயி, நானே சங்கிலியைப் பிடிச்சு அளந்துதானே நட்டேன். இதுல மட்டும் நடுவுல உன்னை வெச்சுக்கிட்டு வீம்பு பண்ணேன். ஃபோனைப் போடு, நானே பேசறேன்."

"நீங்களா?"

"மூணு வருஷம் முறைச்சது போதும். அப்பா பண்ணது தப்பும்மான்னு முதல்ல சொல்லிடறேன். அப்புறமா அளவு கேட்டுக்கறேன்."

தொண்டையைக் கனைத்துக்கொண்டார். சட்டைப் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டார், ஃபோனில் தெரியப்போவதுபோல. வலது கையை நீட்டினார்.

மனைவி ஃபோனைத் தரவில்லை. அவர் காலடியில் உட்கார்ந்து, சிதறிக் கிடந்த கம்பளியைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"இப்பத்தானே பேசி முடிச்ச? உடனே போட்டா எடுப்பா. குடு."

அவள் பொறுக்கிய கம்பளியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்கிட்டயும் அவ பேசி மூணு வருஷம் ஆச்சுங்க."