‘காஸ்கேட்’னா என்ன?

“தம்பி, வீட்டை அப்புறம் பார்க்கலாம். போர்டுல ‘காஸ்கேட்’னு எழுதியிருக்கீங்களே, முதல்ல அதுக்கு அர்த்தம் சொல்லுங்க” என்றார் வெள்ளைச் சட்டைக்காரர்.

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் விற்பனைப் பிரிவு இளைஞனுக்குப் புல்லரித்தது. ஆங்கில இலக்கியம் படித்த பாவத்துக்கு அலுவலகமே அவனை ‘டிக்‌ஷனரி’ என்று கிண்டலடிக்கும். சாயங்காலத்துக்குள் ஒரு வீடாவது விற்காவிட்டால் நாளைக்கு வேலைக்கே வர வேண்டாம் என்று மேனேஜர் காலையில்தான் கறாராகச் சொல்லியிருந்தார்.

“அருவி சார்! படிப்படியா இறங்கி விழுற அருவி.”

“தண்ணிதானே? நல்லாத் தெரியுமா?”

“சத்தியமா சார். பிரெஞ்சுலேர்ந்து வந்த வார்த்தை. அதுக்கு முன்னாடி இத்தாலிய மொழி. அங்கே ‘கஸ்காரே’ன்னா விழுறது. அவ்வளவுதான், வெறுமனே விழுறது!”

“அப்போ வேர்ல தண்ணியே கிடையாதா?”

டிக்‌ஷனரி நாக்கைக் கடித்துக்கொண்டான். படிப்பைக் காட்டப்போய் இப்படி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே! “இல்ல சார்... தண்ணி பின்னாடி வந்து சேர்ந்துச்சு...” என்று இழுத்தான்.

ஆனால் அவர் முகம் மலர்ந்துவிட்டது. “சபாஷ்!” என்று சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். “லேக் சிம்பொனி, ரிவர் ராயல், ரெயின் பேலஸ்... இதெல்லாம் படிச்சதுமே புரிஞ்சுது. மூணுக்கும் தினம் போயிட்டுதான் இருக்கேன். உங்க பேர்தான் குழப்பிடுச்சு.”

மூன்று இடத்திலும் வீடா! டிக்‌ஷனரிக்குத் தலை கிறுகிறுத்தது.

“கேட் எத்தனை அடி? என் வண்டி பெருசு, உள்ளே வந்து திரும்பணும்.”

“எவ்வளவு பெரிய கார்னாலும் திரும்பும் சார்!”

“மொத்தம் எத்தனை வீடு?”

“நூத்திருபது சார். அடுத்த மாசம் சாவி கொடுக்கிறோம்.”

“நூத்திருபதுக்கும் சேர்த்தே பேசிடலாம். மேனேஜரைக் கூப்பிடுங்க.”

டிக்‌ஷனரி ஓடிய ஓட்டத்தில் கழுத்து டை முதுகுக்குப் போய்விட்டது. மேனேஜர் விண்ணப்பக் கட்டோடு பறந்து வந்து, தானே நாற்காலியை இழுத்துப் போட்டார். காலையில் கரித்துக்கொட்டிய அதே வாய், “நம்ம தம்பி தங்கம் சார்!” என்றது. “எந்த மாடியிலேர்ந்து எழுதட்டும்?”

“வீடா? எனக்கு எதுக்குங்க வீடு?” அவர் சிரித்தபடி ஒரு விசிட்டிங் கார்டை மேஜையில் வைத்தார். “தண்ணி லாரி ஓட்டுறேன். பேர்ல தண்ணி வச்ச கட்டடத்துல, குழாய்ல தண்ணி வந்து நான் பார்த்ததே இல்லை. உங்க பேருக்கு வேர்லயே தண்ணி இல்லன்னு தம்பி வேற தெளிவாச் சொல்லிட்டார். தினம் பத்து லாரி போதுமா?”

டிக்‌ஷனரி டையைக் கழற்ற ஆரம்பித்தான். வேலை போச்சு!

மேனேஜர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “மெதுவாப் பேசுங்க. பதினஞ்சு வேணும். சாவி கொடுத்த பிறகு வந்தாப் போதும்.”

பிறகு டிக்‌ஷனரி பக்கம் திரும்பினார்.

“நீ நாளைக்கும் வேலைக்கு வா. ஆனா அந்த வேர் விஷயத்தை மட்டும் வேற எவன்கிட்டயும் சொல்லித் தொலைக்காதே!”